யாருக்கான பேச்சு இது?

ஏப்ரல் 14, டிசம்பர் 6 ஆகிய தேதிகள் நெருங்கும்போது மாணவத் தோழர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான செய்தி வரும். "அக்கா, பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் டேட்டா அனுப்புங்க." எங்கே பேசப் போகிறீர்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "பொதுவாத்தான் அக்கா" என்பார்கள்.

பொதுவான பேச்சு என்று ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட அறையில், குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட சிலரிடம்தான் பேசுகிறோம். அவர்களுக்கு வயது இருக்கிறது, சாதி இருக்கிறது, வேலை இருக்கிறது, பயம் இருக்கிறது. சிலருக்கு அதிகாரமும் இருக்கிறது. நம் தோழர்கள் தலைப்பைப் பற்றி இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கிறார்கள். கேட்கப் போகிறவர்களைப் பற்றிப் பத்து நிமிடம்கூட விசாரிப்பதில்லை. அதனால் கல்லூரி அரங்கம், கிராம சபை, ஆட்சியர் அலுவலகம் எல்லா இடத்திலும் ஒரே பேச்சு ஒலிக்கிறது. முன்வரிசையில் நம் ஆட்கள் கைதட்டுகிறார்கள். மாற வேண்டியவர்கள் எழுந்து டீ குடிக்கப் போகிறார்கள்.

கேட்பவரை ஆராய்வதும் ஆராய்ச்சிதான். அதைச் செய்யாத பேச்சில் எத்தனை புள்ளிவிவரம் இருந்தாலும் அது பாதி வேலைதான். இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "ஆளுக்குத் தகுந்தாற்போல் பேசுவது சமரசம் இல்லையா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, 1936ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் போக வேண்டும்.

ஒரே மாதம், இரண்டு உரைகள்

1935 டிசம்பரில் லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்ட சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்களின் அமைப்பு அது. அவர்கள் முன் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்டதுதான் 'சாதி ஒழிப்பு'. நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், அல்லது படித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்த முறை அதில் உள்ள வாதத்தை விட்டுவிட்டு, ஆதாரங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

அரசியல் சுதந்திரம் முதலில், சமூகச் சீர்திருத்தம் அப்புறம் என்று நம்பியவர்களுக்கு அவர் முதலில் பதில் சொல்கிறார். கையில் எடுப்பது தத்துவத்தை அல்ல, நடந்த சம்பவங்களை. 1928இல் நாளிதழில் வந்த, இந்தூர்ப் பகுதி பலாய் மக்கள் மீதான கட்டளைகள். 1935இல் குஜராத்தின் கவிதா கிராமம். அதே ஆண்டு அகமதாபாத் மாவட்டத்தின் ஜானு கிராமத்தில், உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த பெண்கள் தாக்கப்பட்டது. 1936 ஏப்ரலில் ஜெய்ப்பூர்ச் சமஸ்தானத்தின் சக்வாரா. ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்ந்தே வருகின்றன. மறுக்க நினைப்பவர் போய் விசாரித்துக்கொள்ளலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது.

அதன் பிறகு அயர்லாந்துக்கும் ரோமுக்கும் போகிறார். கேட்பவர்கள் ஆங்கிலம் படித்தவர்கள், அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத்தைத் தங்கள் போராட்டத்தோடு ஒப்பிட்டுப் பழகியவர்கள். அவர்கள் மதிக்கும் வரலாற்றிலிருந்தே அவர்களுக்குச் சாட்சி கொண்டுவருகிறார். அரசியல் மாற்றத்துக்கு முன்னால் சமய, சமூக மாற்றம் வந்திருக்கிறது என்று காட்டும்போது லூதரும் புத்தரும் வருகிறார்கள். குரு நானக்கும் வருகிறார். உரை நிகழவிருந்த லாகூர் பஞ்சாபில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பெயரின் கனம் புரியும். கடைசியில், கேட்பவர்கள் புனிதம் என்று நம்பும் சாத்திரங்களையே எடுத்து, சாதியின் வேர் அங்கேதான் இருக்கிறது, அந்த அதிகாரத்தை உடைக்காமல் கலப்புத் திருமணமும் சமபந்தி போஜனமும் உங்களைக் கரை சேர்க்காது என்கிறார்.

அதே மே மாதத்தின் 31ஆம் தேதி, பம்பாயின் தாதரில் மகர் மாநாடு. கேட்பவர்கள் அவருடைய சொந்த மக்கள். பேச்சு மராத்தியில். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்ததற்காக, பொதுக் கிணற்றில் நீர் எடுத்ததற்காக, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றியதற்காக அடி விழுவதைச் சொல்கிறார். இவையெல்லாம் உங்கள் கண்முன்னே நடப்பவைதானே என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். அடிபட்டவருக்கு அடிபட்டதை நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது அடுத்த கேள்வி: ஏன் நம்மை அடிக்க முடிகிறது? மனிதனுக்கு ஆள்பலம், பணபலம், மனபலம் என மூன்று பலம் உண்டு, இதில் நம்மிடம் எது இருக்கிறது? கிராமத்தில் சிதறிக் கிடக்கும் மக்களின் நிலையிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டி, வெளியிலிருந்து பலம் தேட வேண்டும், அதற்கு மதம் மாற வேண்டும் என்ற இடத்துக்கு அழைத்துச் செல்கிறார். முடிவில், ஆனந்தருக்குப் புத்தர் சொன்ன அறிவுரையை நினைவூட்டி, முடிவை அவர்களிடமே ஒப்படைக்கிறார். மதம் மாறத் தயார் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது.

இரண்டு உரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படை முடிவு ஒன்றுதான்: சாத்திரத்தின் அதிகாரம் இருக்கும்வரை சாதி போகாது. ஆனால் மொழி வேறு, ஆதாரம் வேறு, கோரிக்கை வேறு. ஒரு கூட்டத்திடம் "உங்கள் சாத்திரத்தை விடுங்கள்" என்கிறார். இன்னொரு கூட்டத்திடம் "இங்கிருந்து வெளியேறுவோம்" என்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன், 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் இதே சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தபோது, செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அகமணமே சாதியின் அச்சாணி என்று நிறுவினார். அது ஆய்வாளர்களுக்கான பேச்சு. மனிதர் அதே மனிதர்தான். கேட்பவர் யார் என்பது மாறியது.

எது மாறலாம், எது மாறக்கூடாது

இப்போது சமரசக் கேள்விக்கு வருவோம். லாகூர் உரையின் அச்சுப் பிரதியைப் பார்த்த மண்டல் நிர்வாகிகள் அதிர்ந்துபோனார்கள். இந்து மதத்தின் அடிப்படையையே அழிப்பது பற்றிப் பேசும் பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அம்பேத்கர் எழுதினார். மாநாடு நடக்கவில்லை. அவர் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். அவை சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன. முதலில் மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. மேடையில் பேசப்படாத அந்த உரையைத்தான் இன்று உலகம் படித்துக்கொண்டிருக்கிறது.

கேட்பவருக்காக எந்த ஆதாரத்தை முதலில் வைப்பது, எந்த மொழியில் சொல்வது, என்ன கேட்பது என்பதையெல்லாம் அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். முடிவை மட்டும் யாருக்காகவும் மாற்றவில்லை. அதற்காக மேடையையே இழக்கத் தயாராக இருந்தார். நமக்கான எல்லைக்கோடு இதுதான். "கல்லூரி முதல்வர் வருத்தப்படுவார், சாதி என்ற வார்த்தை வேண்டாம், சமத்துவம் என்று மட்டும் பேசு" என்று யாராவது சொன்னால், அது கேட்பவரை அறிந்து பேசுவதல்ல. அங்கே மாற்றச் சொல்வது முடிவை. அந்த மேடை போனால் போகட்டும்.

ஆனால் கிராம சபையில் மைக் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் பார்ப்பனியக் கருத்தியலை விளக்கிவிட்டு, சுடுகாட்டுப் பாதையைப் பற்றிக் கடைசி அரை நிமிடம் பேசுவது கொள்கை உறுதி ஆகாது. கேட்பவரை மதிக்காததுதான் அது.

வகுப்பறையில்

முதலில் நம் மாணவர்கள் அதிகம் பேசும் இடம். கல்லூரி வகுப்பறை, பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நண்பர்கள். அவர்கள் மனதில் ஓடுவது இதுதான்: "இப்ப யாருப்பா சாதி பாக்குறாங்க? எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது." இவர்களிடம் வன்கொடுமைகளின் பட்டியலைப் படித்தால், "அது எங்கேயோ கிராமத்தில், யாரோ கெட்டவர்கள் செய்தது" என்று தங்களை வெளியே நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த இடத்துக்குப் பொருந்தும் ஆதாரம் ஒன்று இருக்கிறது. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சிக் குழுமமும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-12இல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு. நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறீர்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா என்று இரண்டாவதாகக் கேட்டார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஏதோ ஒரு வடிவில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். இது பாதிக்கப்பட்டவர் சொன்ன புகார் அல்ல, கடைப்பிடிப்பவர் தன் வாயால் சொன்னது. வெளியாள் ஒருவர் முன்னால் யாரும் தன்னைக் குறைத்துக்காட்டிக்கொள்ள விரும்பமாட்டார் என்பதால் உண்மை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த இரண்டாவது கேள்வியை அப்படியே வகுப்பில் வையுங்கள். "இன்று வீட்டுக்குப் போய், என்னை உங்கள் அடுப்படி வரை அழைத்துவரலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள்." பிறகு அமைதியாக இருங்கள். அந்த அமைதி உங்களுக்காக வேலை செய்யும். அதே நேரத்தில் நேர்மையும் வேண்டும். இது 2011-12ஆம் ஆண்டின் கணக்கு, அகில இந்திய அளவு என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். ஆண்டை மறைத்துச் சொன்னால், கைபேசியில் தேடிப் பார்க்கும் ஒரு மாணவர் போதும், உங்கள் மொத்தப் பேச்சும் கவிழ்ந்துவிடும்.

இன்னொரு ஆதாரம் "தகுதி" பேசுகிறவர்களுக்கானது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்கச் சாதிப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2007இல் வெளியான ஆய்வு. நம் தோழர்கள் இதைத் தமிழ்நாட்டு மேடையில் சொல்லும்போது ஓர் ஓட்டை இருக்கிறது: "நம்ம ஊர்ல பேருக்குப் பின்னால சாதி போடறதே இல்லையே!" சரியான ஆட்சேபம். அதை எதிராளி கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "உண்மைதான், இங்கே பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இங்கே ஊரைக் கேட்கிறார்கள், தெருவைக் கேட்கிறார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள்." வாடகைக்கு வீடு தேடிய யாருக்கும் இந்தக் கேள்வி வரிசை தெரியும். வேறொரு நிலத்தில் பிறந்த ஆய்வை நம் நிலத்தில் நடுவதற்கு இந்த ஒரு படி அவசியம்.

கடைசியில் என்ன கேட்கப் போகிறீர்கள்? "சாதியை ஒழிப்போம்" என்று முடித்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவு வேண்டும் என்றன. நம் கல்லூரியில் அப்படி ஒன்று இருக்கிறதா, அதன் பொறுப்பாளர் யார் என்று முதல்வரிடம் எழுத்தில் கேட்கும் மனு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். "இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்பதுதான் அந்த வகுப்பறையில் கேட்க வேண்டிய கோரிக்கை. போடுபவர் யார், தயங்குபவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

கிராம சபையில்

அங்கே நிலைமை வேறு. நம்மை வெறுப்பவர் சிலர், நம்மவர் சிலர், வேலை முடிந்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர் பலர். பற்றாளர் ஒருவர், ஊராட்சிச் செயலர் ஒருவர். ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நீங்கள் யார் மனதையும் அடியோடு மாற்றப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரி எழுதப்பட்டால் அதை வைத்து வட்டாட்சியரிடம் போகலாம், ஆட்சியரிடம் போகலாம், நீதிமன்றம் வரை போகலாம். கைதட்டலை வைத்து எங்கும் போக முடியாது.

காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்பது பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஆராய்ச்சி என்பது நூலகத்தில் இல்லை. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் இருக்கிறது, 'அ' பதிவேட்டில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதனால் கிராம சபைத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். அடுத்தது உங்கள் தெருவிலேயே எடுக்கும் கணக்கு. கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை சாவு, அதில் எத்தனை மழைக்காலத்தில், எந்த வழியாகத் தூக்கிப் போனோம், யார் வயலில் இறங்க வேண்டியிருந்தது. வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் ஒரே மாலையில் எழுதிவிடலாம்.

பேச்சு இப்படி இருக்கலாம். இது ஒரு மாதிரிதான், எண்களை உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்:

"தலைவர் அவர்களுக்கும் கூட்டத்துக்கு வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம். காலனித் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் வண்டிப்பாதை இருப்பதாகப் புல வரைபடம் சொல்கிறது. நகல் இதோ, செயலரிடம் தருகிறேன். தரையில் அந்தப் பாதை இல்லை. ரெண்டு வருஷத்தில் எங்கள் தெருவில் பதினோரு சாவு. அதில் நாலு பேரை மழையில், முழங்கால் சேற்றில், வரப்பு மேல் தூக்கிப்போனோம். பயிரை மிதித்துவிட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் வாக்குவாதம். பயிர் வைத்தவருக்கும் கஷ்டம், பிணம் தூக்குகிறவருக்கும் கஷ்டம். அரசாங்க வரைபடத்தில் இருக்கிற பாதையை அளந்து கல் ஊன்ற வட்டாட்சியருக்குப் பரிந்துரைத்து இன்றைக்கே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்கிறேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகாது. யார் ஆக்கிரமித்தார் என்ற பெயர் இதில் இல்லை. அளந்தால் தானாகத் தெரியும். பயிர் வைத்தவரின் கஷ்டத்தையும் சொன்னது நயந்து பேசுவதற்காக அல்ல. நடுவில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு, இதை எதிர்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று காட்டுவதற்காக. இன்னொன்றையும் பாருங்கள். "தலைவர் அவர்களுக்கு" என்று தொடங்குகிறோம். "சாமி", "ஐயா, பெரிய மனசு பண்ணி" என்று எங்கும் வரவில்லை. மரியாதை வேறு, பணிவு வேறு. நம் தாத்தாக்கள் கூனிக் குறுகிக் கேட்டதை நாம் நிமிர்ந்து கேட்கிறோம் என்பதே அந்தக் கூட்டத்துக்கு ஒரு செய்தி.

தனியாளாகப் போகாதீர்கள். பேசி முடித்ததும் "நானும் இதை ஆதரிக்கிறேன்" என்று எழுந்து நிற்க நாலு பேர், முடிந்தால் பெண்கள், முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். தீர்மானம் எழுதி முடிக்கும்வரை யாரும் கலையக்கூடாது. மறுநாள் அந்த இளைஞனைத் தனியே மடக்கி மிரட்டும் ஊர்கள் இருக்கின்றன. பேச்சைத் திட்டமிடும்போது பேசியவரின் பாதுகாப்பையும் திட்டமிடுங்கள்.

இப்படிக் குறிப்பாகக் கேட்பது நம் முன்னோடிகளின் வழிதான். 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நின்றுவிடவில்லை. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கே யாரும் நுழையத் தடை இல்லை என்று கேட்டது. கேட்டவை பெயரோடு இருந்ததால்தான் அரசு ஆணையில் அவை இடம்பிடித்தன.

அதிகாரிகள் முன்னால்

மூன்றாவது இடம் ஆட்சியர் அலுவலகம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆவது விதிப்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அங்கே பேசும் வாய்ப்புக் கிடைக்கும் தோழர்கள் பலர் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். 2022இல் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களாக 57,582 வழக்குகள், 2021இல் 50,900. எண் சரிதான். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நாட்டின் எண்ணுக்குப் பொறுப்பாளிகள் அல்ல. "ஆமாம், வருத்தமான விஷயம்" என்று அவர்களும் நம்மோடு சேர்ந்து வருத்தப்பட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

அது பதிவான வழக்குகளின் எண் என்பதையும் மறக்கக்கூடாது. நடந்த குற்றங்கள் எத்தனை என்று அது சொல்லாது. வழக்கு கூடினால் வன்முறை கூடியதாகவும் இருக்கலாம், மக்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கியதாகவும் இருக்கலாம். எண் குறைவாக உள்ள மாவட்டம் நல்ல மாவட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பினால் எண் குறையத்தானே செய்யும்?

அதிகாரிகள் தப்பிக்க முடியாத ஆதாரம் நாட்களின் கணக்கு. விசாரணையை 60 நாளில் முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் நிலுவையில் உள்ள வழக்குகளை எடுத்து, முதல் தகவல் அறிக்கையின் எண், தேதி, இன்றோடு எத்தனை நாள், நிவாரணத்தின் முதல் தவணை வந்ததா இல்லையா என்று ஒரே தாளில் நான்கு பத்தியாக எழுதிக் கொடுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இருக்கிறது என்று ஒரு வரி மட்டும் சொல்லுங்கள், போதும். பஞ்சமி நிலப் பிரச்சினைக்கும் இதே வழிதான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அனுப்பிய அறிக்கையும் 1892இன் அரசாணையும் நம் இளைஞர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய வரலாறு. வட்டாட்சியரிடம் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சர்வே எண்ணைச் சொல்லுங்கள்.

காயங்களை மேடையேற்றும்போது

கேட்பவரை அசைக்க வேண்டும் என்ற அவசரத்தில் நாம் செய்யும் ஒரு கொடுமையையும் பேசியாக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஊர், அவருக்கு நடந்ததன் ஒவ்வொரு விவரம், சில நேரம் உடலின் படம்வரை மேடையில் வைக்கிறோம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, அது அவருடைய வாழ்க்கை. நம் பேச்சுக்கான உதாரணம் அல்ல. அவரிடம் கேட்டீர்களா? அவர் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தைகளில் சொல்வீர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆம் என்று சொல்ல முடியாத எதையும் பேச்சிலிருந்து நீக்கிவிடுங்கள். நம் மக்கள் அடிபட்ட உடல்களாக மட்டும் மேடைக்கு வரக்கூடாது. வழக்கு நடத்தியவர்களாக, நிலத்தை மீட்டவர்களாக, ஊர் கட்டுப்பாட்டை மீறியவர்களாகவும் வரட்டும்.

அதோடு மேற்கோள் விஷயம். அம்பேத்கர் படம் போட்டுச் சமூக ஊடகத்தில் சுற்றும் வாசகங்களில் அவர் சொல்லாதவை நிறைய. அவருடைய எழுத்துகளும் பேச்சுகளும் தமிழிலும் தொகுதிகளாக வந்திருக்கின்றன. எந்த உரை, எந்த ஆண்டு, யாரிடம் பேசியது என்று தெரியாத வாசகத்தை மேடையில் சொல்லாதீர்கள். அவர் தன் உரைகளில் ஊரும் ஆண்டும் தவறாமல் குறித்தவர். அவர் பெயரில் நாம் அலட்சியம் காட்டக்கூடாது.

"ஆதாரம் காட்டினால் சாதி வெறியன் திருந்திவிடுவானா?" என்று கேட்பவர்களும் உண்டு. திருந்தமாட்டான். அவனுக்காக நாம் இரவு கண்விழிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் இன்னும் முடிவெடுக்காத சிலர் இருக்கிறார்கள். தனக்குள் சந்தேகம் கொண்ட ஒரு மாணவி, எழுத்தில் ஒன்று இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்று காத்திருக்கும் ஒரு அதிகாரி, முதல் ஆளாகக் கை தூக்கப் பயப்படும் நம் தெருக்காரர். பேச்சு அவர்களுக்கானது. அமைப்பும் போராட்டமும் செய்யும் வேலையைப் பேச்சு செய்யாது. போராட்டத்துக்கு ஆள் சேர்க்கும், ஆவணத்தில் ஒரு வரி சேர்க்கும். நம் கோபத்தையும் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த வாக்கியத்தில் அதை வைத்தால் பலன் கிடைக்கும் என்று யோசிக்கச் சொல்கிறேன்.

ஆகவே அடுத்த முறை யாராவது பேசக் கூப்பிட்டால், தரவு தேடுவதற்கு முன் அவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். யார் வருகிறார்கள், எத்தனை பேர், அவர்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, எனக்கு முன்னால் யார் பேசுகிறார், எத்தனை நிமிடம். இவற்றை ஒரு தாளில் எழுதி, அதற்குக் கீழே "இவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். அந்த வாக்கியம் வராவிட்டால் பேச ஒப்புக்கொள்ள வேண்டாம். வந்துவிட்டால், எந்தத் தரவு வேண்டும் என்பதை அதுவே சொல்லும். கிராம சபைத் தேதிகளை மேலே கொடுத்திருக்கிறேன். அடுத்தது எது என்று பார்த்து, புல வரைபடத்துக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.